பிறவிப் பிணியும் மாறும்: மூளை நோய்க்கு மருந்து சுமக்கும் வைரஸின் வரலாறு

பிறப்போடு வந்தது இறப்போடுதான் போகும் என்று நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். இச்சொல் இரண்டு இடங்களில் வழங்கியது. தீராத நோயோடு குழந்தை பிறந்த வீட்டில் அது ஆறுதலாகச் சொல்லப்பட்டது. சேரியில் பிறந்தவன் கல்வியும் நிலமும் உரிமையும் கேட்டபோது அது மறுப்பாகச் சொல்லப்பட்டது. இரண்டிற்கும் முன்வினை என்னும் ஒரே காரணமே காட்டப்பட்டது. இரண்டாவது கூற்றுப் பொய்யென்பதை நம் முன்னோர் போராடி மெய்ப்பித்தனர். முதலாவது கூற்றும் பொய்யென்பதை அறிவியல் இன்று மெய்ப்பித்து வருகிறது. அந்த வரலாற்றை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

மூளையைத் தாக்கும் சில பிறவி நோய்களுக்கு, வைரஸ் என்னும் கிருமியைக் கொண்டே மருத்துவம் செய்யும் முறை ஒன்று உருவாகியிருக்கிறது. அம்முறையின் கதை பாரிஸ், மிலான், அமெரிக்கா என்று பல ஊர்களில் நடந்ததாயினும், அதன் ஓர் இழை நம் சென்னையிலும் வேலூரிலும் ஓடுகிறது. கிணத்துக்கடவு வட்டாரத்து மாணவரும், படிக்கும் வாய்ப்பு அமையாத நம் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் இதனைக் கூற முயல்வோம்.

வைரஸ் என்பது யாது?

வைரஸ் என்பது உயிருள்ள பொருளுக்கும் உயிரற்ற பொருளுக்கும் இடைப்பட்ட ஒன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு அளவே பல வைரஸ்கள் இருக்கும். வைரஸிற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. தானாகப் பெருகவும் இயலாது. மேலே ஓர் உறையும், உள்ளே மடித்து வைத்த ஒரு செய்தியுமே அதன் முழு உடல். அது பிற உயிரின் உயிரணுவிற்குள் நுழைகிறது. தன் செய்தியை அங்கே சேர்க்கிறது. பின்னர் அவ்வுயிரணுவைக் கொண்டே தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான வைரஸ்களைச் செய்வித்துக்கொள்கிறது.

நம் பகுதியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியே மலையேறினால் குன்னூர் வருகிறது. அங்கே 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து செய்வதே அந்நிலையத்தின் முதற் பணி. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு அம்மருந்தை முதன்முதலாகச் செலுத்திக் காப்பாற்றினார். வெறிநோய்க் கிருமியும் ஒரு வைரஸே. காலில் பட்ட கடியிலிருந்து அது நரம்பின் வழியே ஊர்ந்து சென்று மூளையை அடைகிறது. மூளையை அடைந்தபின் மனிதன் பிழைப்பது அரிதினும் அரிது.

இச்செய்தியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மருந்து எளிதிற் புக முடியாத மூளைக்குள் வைரஸ் புகுந்துவிடுகிறது. அவ்வாறாயின், அதன் நஞ்சை நீக்கிவிட்டு அதன் மீது மருந்தை ஏற்றி அனுப்ப இயலுமா என்னும் கேள்வி பிற்காலத்து அறிஞர்க்கு எழுந்தது. சரக்கு கெட்டதாயினும் வண்டி நல்லது. சரக்கை இறக்கிவிட்டு வேறு சரக்கை ஏற்றினால் என்ன என்பதே அக்கேள்வி.

குன்னூர் நிலையம் தோன்றிய அதே 1907ஆம் ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் என்னும் இதழைத் தொடங்கினார். பண்டிதர் சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர். மருத்துவ அறிவு நம் மக்களுக்குப் புதியதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மரபணுவும் மூளையும்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் தாய் தந்தையரிடமிருந்து வந்த ஒரு குறிப்பேடு உள்ளது எனலாம். அதில் எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்னும் குறிப்புகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. இக்குறிப்பு ஒவ்வொன்றும் மரபணு எனப்படும். ஜீன் என்றும் வழங்குவர். ஏட்டில் ஓர் எழுத்துப் பிழையானால் பொருள் மாறுவது போல, மரபணுவில் பிழை நேர்ந்தால் உரிய புரதம் உருவாகாது போகலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு நோயைக் காண்போம். அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபி என்பது அதன் நீண்ட பெயர், சுருக்கமாக ஏ.எல்.டி. என்பர். உடலில் சேரும் ஒருவகை நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கத் துணைபுரியும் புரதத்தின் மரபணு இந்நோயில் பழுதாகியிருக்கும். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போல நரம்பு இழைகளின் மேலும் ஓர் உறை உண்டு. இந்நோயில் மூளையிலுள்ள அவ்வுறை அழிந்துபோகிறது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே இது கடுமையாகத் தாக்கும். இக்குறையுடைய எல்லாச் சிறுவர்க்கும் மூளை கெடுவதில்லை. கெடத் தொடங்குவோர்க்கு அது பெரும்பாலும் 4 வயதிற்கும் 10 வயதிற்கும் இடையில் நேர்கிறது.

ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்விடத்தில் கருத்தூன்ற வேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிறுவன் திடீரென்று பாடத்தில் பின்தங்குகிறான், கவனம் சிதறுகிறது, கையெழுத்துக் குலைகிறது, சொல்வது காதில் விழாதவன் போல் இருக்கிறான். இவையே இந்நோயின் முதல் அடையாளங்களாக இருக்கலாம். வீட்டில் அவனைச் சோம்பேறி என்பர். பள்ளியில் அடங்காதவன் என்பர். கூலி வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளையாயின் அவனைப் பற்றி அதற்கு மேல் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்குள் பார்வையும் நடையும் பேச்சும் போய், படுத்த படுக்கையாகி உயிர் நீங்குகிறது.

இந்நோயின் பழுதான மரபணு தாயின் வழியே வருவது. இதனால் தாயைக் குற்றம் சொல்லும் பேதைமை பல வீடுகளில் உண்டு. தன் கண்ணின் நிறத்தை எவரும் தேர்ந்து பெறாதது போலவே, தன் மரபணுவையும் எவரும் தேர்ந்து பெறுவதில்லை. இதில் பாவமும் இல்லை, சாபமும் இல்லை.

ஏ.எல்.டி. நோயின் மரபணுவைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் குழு ஒன்று 1993இல் கண்டறிந்தது. அக்குழுவில் இருந்தவருள் பாட்ரிக் ஓபூர்க் என்னும் மருத்துவர் ஒருவர். நோய் முற்றுமுன் பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சையைச் சிறுவனுக்கு மாற்றிவைத்தால் மூளைச் சிதைவு நிற்பதை அவர் 1990இலேயே காட்டியிருந்தார். எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் உண்டாகும் உயிரணுக்களுள் சில மூளைக்குச் சென்று தங்கி, அங்கே துப்புரவும் பாதுகாப்பும் செய்யும் அணுக்களாக மாறுகின்றன. ஆயினும் பொருத்தமான மச்சை எல்லோர்க்கும் கிடைப்பதில்லை. கிடைக்காத பிள்ளையை என்ன செய்வது? அப்பிள்ளையின் சொந்த மச்சையையே திருத்திக் கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் இங்கிருந்து பிறந்தது.

முதல் முயற்சிகளும் இழப்புகளும்

மரபணுவைத் திருத்தி நோய் தீர்க்கலாம் என்னும் கருத்தைத் தியோடர் ஃபிரீட்மன், ரிச்சர்டு ராப்ளின் என்னும் இருவர் 1972இல் விரிவாக எழுதினர். அவசரப்படுதல் கூடாது என்று எச்சரித்தவர்களும் அவர்களே. 1990இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிலையத்தில் நோய் எதிர்ப்பாற்றல் இல்லாது பிறந்த 4 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இம்முறை முதன்முதலாக முறையான ஒப்புதலோடு கையாளப்பட்டது.

பின்னர் வந்த ஆண்டுகளில் துயரங்களும் நேர்ந்தன. 1999இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சோதனைக்கு உட்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர், சுமந்து சென்ற வைரஸிற்கு உடல் காட்டிய கடும் எதிர்ப்பினால் நான்கு நாட்களில் உயிரிழந்தார். பாரிஸில் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் இம்முறையால் நலம் பெற்றனர். ஆனால் அவர்களுள் சிலருக்குச் சில ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய் வந்தது. வைரஸ் கொண்டுசென்ற மரபணு, தகாத இடத்தில் போய்ச் செருகிக்கொண்டு அருகிலிருந்த வேறொரு மரபணுவைத் தூண்டிவிட்டதே காரணம். அறிவியல் இவற்றை மறைக்கவில்லை. ஒவ்வோர் இழப்பும் எழுதிவைக்கப்பட்டு, காரணம் ஆராயப்பட்டது. அதனால்தான் அடுத்த வண்டி முன்னதை விடச் செம்மையாக அமைந்தது.

சென்னையில் கண்டறியப்பட்ட கிருமி

நிற்க. இவ்விடத்தில் நாம் சென்னைக்கு வரவேண்டும். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரஸை, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மோந்தானியே ஆகியோர் 1983இல் கண்டறிந்தனர். 2008இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்நோய் இல்லை என்றே அந்நாளில் பலரும் எண்ணினர்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையார் அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா அப்பணியை ஏற்றார். 1986இல் சென்னைக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்கள் முதலியோரிடம் இரத்த மாதிரிகள் திரட்டப்பட்டன. சோதனைக்கு வேண்டிய வசதி சென்னையில் இல்லாமையால், அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றனர். அங்கே நச்சுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான் குழுவினரின் ஆய்வகத்தில் 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அக்கிருமி கண்டறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே.

ஆராய்ந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம் பெற்றன. இரத்தம் கொடுத்த அப்பெண்களின் பெயர்களை எந்த வரலாறும் சொல்லவில்லை. இதனையும் நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்நோயாளர்கள் பட்ட பாடு நமக்குப் புதியதாகத் தோன்றாது. தனிக் குவளை, தனித் தட்டு, தெருவில் விலக்கம், பள்ளியில் பிள்ளைக்கு இடமில்லை என்னும் மறுப்பு, பிணத்தைத் தொட மறுக்கும் உறவு ஆகிய அனைத்தையும் அவர்கள் கண்டனர். லாரித் தொழில் மிகுந்த நாமக்கல் பகுதியில் இந்நோயின் சுமை மிகுதியாக இருந்ததைக் கொங்கு நாட்டார் அறிவர். தீண்டாமையின் துயரை அறிந்த நாம், நோயின் பெயரால் வரும் தீண்டாமைக்கு ஒருபோதும் துணை போதல் ஆகாது. சுனிதி சாலமன் அம்மையார் 1993இல் சென்னையில் இந்நோயாளர்க்கென ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கி, 2015இல் மறையும் வரை பணி செய்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கிருமி வண்டியான கதை

உலகம் அஞ்சிய அந்த எச்.ஐ.வி. வைரஸையே மருந்து சுமக்கும் வண்டியாக்கலாம் என்று சிலர் துணிந்தனர். அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. முன்னர்க் கையாண்ட வைரஸ்களுள் பல, பிளந்து பெருகும் உயிரணுக்களிலேயே தம் சரக்கைச் சேர்க்க வல்லவை. மூளையின் நரம்பணுக்களோ பிளந்து பெருகுவதில்லை. எச்.ஐ.வி. சேர்ந்த லென்டிவைரஸ் இனமோ பெருகாத உயிரணுவின் உட்கருவிற்குள்ளும் நுழையும் திறமுடையது. லென்டி என்னும் இலத்தீன் அடிச்சொல் மெதுவானது எனப் பொருள்படும்.

இத்தாலி நாட்டவரான லூயிஜி நால்டினி, அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் டிடியே ட்ரோனோ, பஞ்சாபில் பிறந்த இந்தர் வர்மா, மூளை ஆய்வாளர் ஃபிரெட் கேஜ் முதலியோருடன் கூடி இவ்வண்டியை அமைத்தார். எச்.ஐ.வி. வைரஸின் 9 மரபணுக்களுள் நோய் பரப்பத் தேவையானவற்றை நீக்கினர். உறை செய்யும் குறிப்பையும் உள்ளுறுப்புச் செய்யும் குறிப்பையும் தனித்தனியே பிரித்துவைத்தனர். அதனால் வண்டி ஒருமுறை சென்று சரக்கை இறக்கும். பெருகித் திரும்பி வராது. மாடு குதிரைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் உறையை மேலே போர்த்தினர். இவ்வண்டியை எலிகளின் மூளையில் செலுத்தியபோது, அது கொண்டுசென்ற அடையாள மரபணு நரம்பணுக்களில் வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்தது. 1996இல் அம்முடிவு வெளியாயிற்று. மூளை நோய்களுக்கான மரபணு மருத்துவத்தில் அது ஒரு திருப்புமுனை எனின் மிகையாகாது.

சிறுவர் பிழைத்த வரலாறு

பாரிஸில் நதாலி கார்த்தியே அம்மையாரும் முன்னர்க் கூறிய பாட்ரிக் ஓபூர்க்கும் ஏ.எல்.டி. நோயுற்ற 7 வயதுச் சிறுவர் இருவர்க்கு இம்முறையைக் கையாண்டனர். இருவர்க்கும் பொருத்தமான மச்சை கிடைக்கவில்லை. அவர்களுடைய இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்தனர். நலமான மரபணுவை ஏற்றிய லென்டிவைரஸை அவற்றுடன் ஆய்வகத்தில் கலந்தனர். சிறுவர்களின் பழைய மச்சையைக் கடும் மருந்தால் நீக்கினர். பின்னர்த் திருத்திய உயிரணுக்களை அவர்கள் உடலிலேயே திரும்பச் செலுத்தினர். அவ்வுயிரணுக்களின் வழித்தோன்றல்கள் மூளைக்குச் சென்று தங்கின. 14 முதல் 16 மாதங்களுக்குப் பின் இருவர்க்கும் மூளைச் சிதைவு நின்றது. 2009இல் இச்செய்தி வெளிவந்தது. எச்.ஐ.வி.யிலிருந்து செய்த வண்டி மனித மூளை நோயொன்றைத் தடுத்து நிறுத்திய முதல் வரலாறு இது.

இம்முறை 17 சிறுவர்க்குக் கையாளப்பட்டதன் முடிவு 2017இல் வெளியாயிற்று. 2 ஆண்டுகள் கழித்து அவர்களுள் 15 பேர் பெரும் ஊனமின்றி உயிரோடிருந்தனர். 2022இல் அமெரிக்க அரசு இம்மருந்திற்கு ஒப்புதல் அளித்தது. மிலான் நகரில் நால்டினியும் அலெஸாண்ட்ரா பிஃபி அம்மையாரும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் எம்.எல்.டி. என்னும் மற்றொரு நோய்க்கு இவ்வழியிலேயே மருந்து கண்டு 2013இல் அறிவித்தனர். அதற்கு ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2024இலும் ஒப்புதல் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். ஏ.எல்.டி. மருந்து பெற்ற 67 சிறுவருள் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இது தீங்கேயில்லாத மருந்தன்று. மருந்தின்றி இருப்பதால் வரும் கேட்டையும் மருந்தால் வரும் கேட்டையும் எடை போட்டே மருத்துவர் இதனைக் கையாள்கின்றனர்.

வேறொரு வழியும் உண்டு. மனிதனுக்கு நோய் எதுவும் தருவதாக அறியப்படாத ஏ.ஏ.வி. என்னும் சிறு வைரஸ் 1965இல் கண்டறியப்பட்டது. கழுத்தும் நில்லாது படுக்கையிலேயே கிடக்கச் செய்யும் ஒரு மூளை நோயுடைய குழந்தைகளுக்கு, தைவான் நாட்டு மருத்துவர் ஹூ ஊ-லியாங் குழுவினர் இவ்வைரஸில் மரபணுவை ஏற்றி மூளையிலேயே செலுத்தினர். அக்குழந்தைகளின் உடலசைவு தேறியதை 2012இல் அறிவித்தனர். தசைகளை இயக்கும் முதுகுத்தண்டு நரம்பணுக்கள் அழியும் எஸ்.எம்.ஏ. நோய்க்கும் இவ்வின வைரஸே மருந்தைச் சுமக்கிறது. அம்மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வேலூரில் அதே வண்டி

1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்குள்ள மூல உயிரணு ஆராய்ச்சி நிலையத்தில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு ஓர் அரிய பணியைச் செய்தது. காயம் பட்டால் இரத்தம் உறையாத ஹீமோபீலியா என்னும் பிறவி நோயுடையவர் 5 பேருக்கு, பாரிஸில் கையாண்டதைப் போன்றே அவர்களுடைய சொந்த மூல உயிரணுக்களில் லென்டிவைரஸின் வழியே நலமான மரபணுவைச் சேர்த்தனர். அதன்பின் அவர்களுக்கு இரத்தப்போக்கு நேரவில்லை என்பது 2024இல் அறிவிக்கப்பட்டது.

ஹீமோபீலியா மூளை நோயன்று. எனினும் வண்டி ஒன்றே, வழியும் ஒன்றே. 1986இல் எந்த வேலூரில் அக்கிருமி இந்தியாவில் இருப்பது தெரியவந்ததோ, அதே வேலூரில் ஆண்டுகள் பல கழித்து அதன் நஞ்சு நீங்கிய வடிவம் மருந்து சுமந்தது. வெளிநாட்டில் மட்டுமே இயலும் என்று எண்ணிய ஒன்று, காட்பாடி இரயில் நிலையத்தில் இறங்கிச் செல்லும் தொலைவிற்கு வந்துவிட்டது.

விலையும் உரிமையும்

மருந்து பிறந்துவிட்டது, ஆயின் அது யாருக்குப் பிறந்தது? எஸ்.எம்.ஏ. மருந்திற்கு 2019இல் அறிவிக்கப்பட்ட விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் நாட்டில் அதனை 16 கோடி ரூபாய் ஊசி என்று மக்கள் அழைத்தனர். ஏ.எல்.டி. மருந்திற்கு 2022இல் அறிவிக்கப்பட்ட விலை 30 இலட்சம் டாலர், எம்.எல்.டி. மருந்திற்கு 2024இல் அறிவிக்கப்பட்ட விலை 42 இலட்சத்து 50 ஆயிரம் டாலர்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் கூலி என்று கொள்வோம். 16 கோடி ரூபாய் சேர்க்க 3,20,000 நாட்கள் உழைக்க வேண்டும். ஒரு நாளும் ஓயாது, ஒரு வேளையும் உண்ணாது உழைத்தாலும் அது 876 ஆண்டுகளுக்கு மேலாகும். 2021இல் இம்மருந்துக்காக நம் கொங்கு மண்டலத்திலேயே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. ஒன்றிய அரசும் இறக்குமதி வரியை நீக்கிக் கொடுத்தது. நல்லோர் கொடை போற்றத்தக்கதே. ஆயினும் ஊர் அறிந்த பிள்ளைக்கே கொடை வந்து சேரும். காலனியின் கடைசி வீட்டில் கிடக்கும் பிள்ளையை யார் அறிவார்? அரிய நோய்களுக்கென 2021இல் வகுக்கப்பட்ட தேசியக் கொள்கையின் கீழ் 50 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதுவும் இம்மருந்துகளின் விலையில் ஒரு சிறு பகுதியே. வேலூரிற் போல நம் நாட்டு நிலையங்களிலேயே ஆராய்ந்து செய்யும் மருந்துகள் பெருகினாலன்றி இவ்விலை இறங்க வழியில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது ஏழைகளின் உடலே முதலில் தேடப்படுவது உலக வழக்கம். 2009-10இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வு நடந்தது. பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டனர். நாடாளுமன்றக் குழு 2013இல் இதனைக் கண்டித்தது. அத்தடுப்பூசி தீயது என்பது நம் கருத்தன்று. கேளாமல் கையெழுத்திட்டதே குற்றம். மரபணு மருத்துவச் சோதனைகளுக்கு 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விதிமுறைகளை வகுத்துள்ளது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். சோதனைக்குப் பணம் பெறுதல் கூடாது. மூல உயிரணு ஊசியால் எல்லா மூளை நோயும் தீரும் என்று பணம் கேட்போரிடம் நம் மக்கள் ஏமாறுதல் கூடாது. வலிப்பு, பக்கவாதம் முதலிய பொதுவான நோய்களுக்கு இம்முறை இன்னும் மருந்தாகவில்லை.

நம் கடமை

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்க பயன் யாது? முதலாவது, பிள்ளைகளைக் கவனித்தல். நடை தளர்ந்தாலும், கற்றது மறந்தாலும், பார்வை மங்கினாலும் காத்துக் கயிறு கட்டிக் காலம் போக்காது, பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவினரிடமோ கோவை அரசு மருத்துவமனையிலோ உடனே காட்டுதல் வேண்டும். இம்மருந்துகளுள் பெரும்பாலானவை நோய் முற்றுமுன் கொடுத்தாலே பயன் தருபவை. நெருங்கிய உறவில் மணம் செய்வதால் எம்.எல்.டி., எஸ்.எம்.ஏ. போன்ற நோய்கள் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று.

இரண்டாவது, கற்றல். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை கொண்டு அமெரிக்கா சென்ற ஓர் இளைஞர், அறிஞர் அம்பேத்கராகத் திரும்பி இந்நாட்டின் சட்டத்தை எழுதினார். ஓர் உதவித்தொகை ஒரு சமுதாயத்தின் விதியை மாற்ற வல்லது. இன்று நமக்கு வாயில்கள் பல திறந்துள்ளன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் வழங்கியது. ஆராய்ச்சிப் படிப்பிற்குப் பட்டியல் சாதி மாணவர்க்கான தேசிய உதவித்தொகை உண்டு. வெளிநாடு சென்று கற்கவும் உதவித்தொகை உண்டு. பாரதியார் பல்கலைக்கழகமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோவையிலேயே உள்ளன. மருத்துவம் ஒன்றே படிப்பென்று எண்ண வேண்டா. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், ஆய்வக நுட்பம், செவிலியம் ஆகிய அனைத்தும் இப்பணியின் உறுப்புகளே. பனிக்கட்டிப் பெட்டியோடு வேலூர் சென்ற நிர்மலா அந்நாளில் ஒரு மாணவியே என்பதை நம் பெண் குழந்தைகள் நினைவிற் கொள்ளட்டும்.

கணக்கும் அறிவியலும் கடினமென்று பத்தாம் வகுப்போடு ஒதுங்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இன்னும் உள்ளது. நம் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி இதனை மாற்றுவதாக அமைதல் வேண்டும். மாலை வகுப்பில் அறிவியலுக்குத் தனி ஆசிரியரும், மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவை எடுக்கும் மாணவர்க்கு நூலுதவியும் ஏற்பாடு செய்யலாம். ஆய்வகத்தில் நம்மவர் இருந்தால், எந்த நோயை முதலில் ஆராய்வது, மருந்தின் விலையை எவ்வாறு குறைப்பது, யாரிடம் எவ்வாறு ஒப்புதல் கேட்பது என்னும் கேள்விகளில் நம் குரலும் ஒலிக்கும். இரத்தம் கொடுத்தவர் பெயர் தெரியாதவராயும், ஆராய்ந்தவர் பெயர் தெரிந்தவராயும் இருக்கும் நிலை அப்போதுதான் மாறும்.

சாதி மரபணுவில் இல்லை. எந்த நுண்ணோக்கியிலும் அதனைக் கண்டவர் இல்லை. மரபணுவில் மெய்யாகவே உள்ள பழுதைக்கூட மனித அறிவு திருத்திவிட்டது. அவ்வாறிருக்க, மனிதர் சொல்லிலும் வழக்கிலும் மட்டுமே உள்ள இழிவு மாறாதென்று எவர் கூறினும் நம் இளைஞர்கள் அதனை ஏற்க வேண்டுவதில்லை. கற்க, கற்றதை ஊருக்கு எடுத்துரைக்க, உரிய இடத்தில் கேள்வி கேட்க. வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!